குழந்தையின் மூளையும் காலத்தின் அருமையும்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் முன்னோர் கேட்டார்கள். படிப்புக்கும் ஒழுக்கத்துக்கும் சொன்ன இந்தப் பழமொழியை நம் ஜனங்கள் நோய்க்கும் காயத்துக்கும் சேர்த்தே பொருள் கொண்டுவிட்டார்கள். பிறந்தவுடன் மூச்சுத் திணறிய குழந்தை, பிறந்த சில நாட்களில் வலிப்புக் கண்ட குழந்தை, ஒரு கையை மட்டும் நீட்டி மற்றொன்றை மடக்கியே வைத்திருக்கும் குழந்தை என்று ஒரு வீட்டில் ஒன்று இருந்து, தாய் கவலைப்பட்டால், "பச்சைக் குழந்தைதானே, வளர வளர எல்லாம் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்லுகிறார்கள். வேறு சிலர், "தலையெழுத்தை யார் மாற்ற முடியும்?" என்று பெருமூச்சு விட்டு விஷயத்தை முடித்துவிடுகிறார்கள்.

இந்த இரண்டு பேச்சும் ஒன்றுக்கொன்று நேர் விரோதமானவை போலத் தோன்றும். ஆயினும் இரண்டின் பலனும் ஒன்றே. ஒன்று நம்பிக்கையின் பெயராலும் மற்றொன்று விதியின் பெயராலும் நம்மைச் சும்மா இருக்கச் சொல்லுகின்றன. இரண்டும் தவறு என்பதே நமது கட்சி. இளமையில் மூளைக்குக் காயம் நேர்ந்தால் என்ன ஆகிறது என்பதைப் பற்றி வைத்திய சாஸ்திரம் நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக ஆராய்ந்து வந்திருக்கிறது. அந்த ஆராய்ச்சி கண்ட முடிவு வைத்தியர்களுக்கு மட்டும் உரியதல்ல. பொதுக் காரியங்களில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. ஆகவே அதை இங்கே விரிவாக எடுத்துச் சொல்லுகிறோம்.

பாரிஸ் நகரத்தில் எழுந்த புதிர்

1861-ஆம் வருஷத்தில் பாரிஸ் நகருக்கருகே பிசேத்ர் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி இறந்தார். பல வருஷங்களாக அவரால் பேச முடியவில்லை. ஒரே ஓர் ஓசையைத் தவிர வேறொன்றும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. பிறர் பேசுவதை மட்டும் அவர் அறிந்துகொண்டார். பால் பிரோக்கா என்ற ரணவைத்தியர் அவருடைய மூளையைச் சோதித்தபோது, இடப் பாதியின் முன்பக்கத்தில் ஓர் இடம் சிதைந்திருக்கக் கண்டார். இத்தகைய நோயாளிகள் பலரைப் பார்த்தபின், நாம் பேசுவது மூளையின் இடப் பாதியால்தான் என்று 1865-இல் அவர் அறிவித்தார். மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு வேலை உண்டு என்ற கொள்கை இதனால் பெரிதும் வலுப்பெற்றது.

மூன்று வருஷங்கள் கழிந்தன. 1868-இல் ஜூல் கோட்டார் என்ற மற்றொரு பிரெஞ்சு வைத்தியர் ஒரு புதிரை முன்வைத்தார். சிசுப் பருவத்திலேயே மூளையின் இடப் பாதி சுருங்கிப் போனவர்கள் சிலரை அவர் ஆராய்ந்தார். பிரோக்காவின் கொள்கைப்படி அவர்கள் ஊமையாக இருந்திருக்க வேண்டும். அவர்களோ பேசினார்கள். வயது வந்தவரிடம் பேச்சை அடியோடு பறித்துவிடும் அதே சேதம், சிசுவிடம் பேச்சைப் பறிக்கவில்லை! இடப் பாதி செய்ய வேண்டிய வேலையை வலப் பாதி ஏற்றுக்கொண்டது என்பதைத் தவிர இதற்கு வேறு சமாதானம் இல்லை.

இந்தச் சமாதானம் சரியானதே என்று நம் காலத்துக் கருவிகள் காட்டியிருக்கின்றன. பிறப்பை ஒட்டிய நாட்களில் இரத்தக் குழாய் அடைபட்டு மூளையின் இடப் பாதியில் சேதமடைந்த சிலரை, அவர்கள் வளர்ந்த பிறகு, அமெரிக்காவில் எலிஸா நியூபோர்ட் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் சோதித்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் வாக்கியங்களைக் கேட்டுப் பொருள் கொள்ளும்போது வேலை செய்தது வலப் பாதி; அதிலும், மற்றவர்களுக்கு இடப் பாதியில் எந்த இடம் வேலை செய்யுமோ, அதற்குக் கண்ணாடிப் பிம்பம் போல் எதிரே அமைந்த இடம்.

கென்னர்டு அம்மையாரின் குரங்குகள்

இந்த அதிசயத்தைப் பரிசோதனை முறையில் அளந்து பார்த்தவர் மார்கரெட் கென்னர்டு என்ற அமெரிக்க வைத்தியர். யேல் சர்வகலாசாலையில் 1930-களில் அவர் குரங்குகளின் மூளையில், கை கால் அசைவை ஆளும் பகுதியை அகற்றினார். வளர்ந்த குரங்குகள் பெரும் முடக்கத்துக்கு ஆளாயின. குட்டிகளோ அதே சேதத்துக்குப் பிறகும் நடந்தன, ஏறின, உணவைப் பற்றித் தின்றன. 1936-இல் இந்த முடிவை அவர் வெளியிட்டார். சேதம் எவ்வளவு இளமையில் நேருகிறதோ அவ்வளவுக்கு மீட்சி அதிகம் என்ற சூத்திரம் இதிலிருந்து பிறந்தது. பிற்காலத்தவர் அதற்குக் கென்னர்டு விதி என்றே பெயரிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தச் சூத்திரத்தைப் பிறர் பிடித்துக்கொண்ட அளவுக்குக் கென்னர்டு அம்மையார் பிடித்துக்கொள்ளவில்லை. குட்டிகளுக்கு முழு மீட்சி கிடைத்தது என்று அவர் சொல்லவில்லை. முதலில் நன்றாக இருந்த குட்டிகள் சில வளர வளர அவற்றின் அவயவங்கள் விறைப்படைந்ததையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். ஆனால் இனிமையான செய்தியை ஏற்றுக்கொண்டு கசப்பான செய்தியை மறந்துவிடுவது மனித சுபாவம். "குழந்தைதானே, சரியாகிவிடும்" என்ற வீட்டுப் பேச்சுக்கு இவ்வாறு சாஸ்திரத்தின் முத்திரையும் கிடைத்துவிட்டது.

மூளை எப்படி வளர்கிறது

அந்தச் சூத்திரம் எவ்வளவு தூரம் உண்மை என்று அறிய வேண்டுமானால், மூளை வளரும் முறையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். வளர்ந்த மனிதனின் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. பெருமூளையின் மேற்பரப்பிலுள்ள அணுக்களில் மிகப் பெரும்பாலானவை தாயின் வயிற்றிலேயே உண்டாகிவிடுகின்றன. ஆனால் பிறக்கும்போது மூளையின் பருமன் முழு வளர்ச்சியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே. இரண்டு வயதுக்குள் அது ஐந்தில் நாலு பங்கை எட்டிவிடுகிறது. இந்த வேகமான வளர்ச்சியில் பெரும்பகுதி, அணுவுக்கும் அணுவுக்கும் இடையே இணைப்புகள் உண்டாவதனால் ஏற்படுவது.

இயற்கை இந்த இணைப்புகளை அளந்து உண்டாக்குவதில்லை, தாராளமாக உண்டாக்குகிறது. சிகாகோ நகரத்து வைத்தியர் பீட்டர் ஹட்டன்லாக்கர் 1970-கள் முதல் இவற்றை நுண்பெருக்கிக் கருவியில் எண்ணிப் பார்த்தார். பார்வைக்குரிய பகுதியில் இணைப்புகள் எட்டாம் மாதம் அளவில் உச்சத்தை அடைந்து, பிறகு குறைந்துகொண்டே வருகின்றன. யோசனைக்கும் நிதானத்துக்கும் உரிய முன்பகுதியில் இந்தக் குறைவு வாலிபப் பருவம் வரை நீடிக்கிறது. நெருக்கமாக முளைத்த பயிரைக் குடியானவன் கலைத்துவிடுவதுபோல, பயன்பட்ட இணைப்பு நிற்கிறது, பயன்படாதது போகிறது.

கலைப்பதற்கு முன்பு உபரியாக நிற்கும் இந்த இணைப்புகளே குழந்தையின் மூலதனம். கை கால்களின் விஷயத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். வளர்ந்தவர்களில் மூளையின் வலப் பாதி இடக் கையையும், இடப் பாதி வலக் கையையும் ஆளுகின்றன. பிறந்த குழந்தையிலோ, ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரண்டு பக்கங்களுக்கும் நரம்புகள் செல்லுகின்றன. முதல் இரண்டு வருஷங்களில் இவை ஒன்றோடொன்று போட்டியிட, தன் பக்கத்துக்கே செல்லும் நரம்புகள் பின்வாங்குகின்றன. ஒரு பாதி காயமடைந்திருந்தால், எதிராளி இல்லாத காரணத்தால் மற்றப் பாதியின் நரம்புகள் இரண்டு பக்கத்திலும் நிலைத்துவிடுகின்றன. இங்கிலாந்தில் ஜேனட் அயர் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் இந்தப் போட்டியைக் குழந்தைகளிடமே தொடர்ந்து கவனித்து நிரூபித்தார்கள். எந்த நரம்பு நிற்பது, எது போவது என்பதைத் தீர்மானிப்பது உபயோகம். உபயோகிக்காத கைக்கு நாளுக்கு நாள் மூளையில் இடம் குறைந்துகொண்டே போகிறது.

அதிசயத்தின் எல்லைகள்

இனி இதன் மறுபக்கத்தைப் பார்ப்போம். கனடா தேசத்து மனோதத்துவ அறிஞர் டொனால்டு ஹெப் 1942-இலேயே கென்னர்டு விதிக்கு எதிரான சாட்சியத்தைக் கொண்டுவந்தார். இளமையில் மூளைக் காயம் பட்டவர்களின் பொதுவான அறிவு வளர்ச்சி, அதே காயம் முதிர்ந்த வயதில் பட்டவர்களைவிட அதிகமாகப் பாதிக்கப்படுவதை அவர் சுட்டிக்காட்டினார். அவருடைய வாதம் எளிது. கட்டி முடித்த வீட்டில் ஒரு தூண் போனால் வீடு ஒருவாறு நிற்கும். கட்டும்போதே தூண் போனால் மேல்மாடி எழும்பாது. கற்றதை வைத்துக்கொள்ளுவதைவிடப் புதிதாகக் கற்பதற்கு மூளை அதிகம் தேவை.

1970-களின் தொடக்கத்தில் பட்ரீஷியா கோல்ட்மன் என்ற அம்மையார் குரங்குக் குட்டிகளிடம் மற்றொன்றைக் கண்டார். முன்மூளையின் ஒரு பகுதியைக் குட்டிப் பருவத்தில் இழந்தவை, ஓராண்டு வயதில் மற்றக் குட்டிகளைப் போலவே பரீட்சைகளில் தேறின. இரண்டு வயதானபோது தோற்றன. அந்தப் பகுதி வேலைக்கு வரவேண்டிய வயது வந்த பிறகுதான் அது இல்லாத குறை வெளிப்பட்டது. ஊனம் மறைந்துவிடவில்லை, காத்துக்கொண்டிருந்தது. மூன்று வயதில் குறையில்லாமல் இருக்கும் குழந்தை பத்து வயதில் கணக்கிலும் கவனத்திலும் பின்தங்கினால், அதைச் சோம்பேறித்தனம் என்று தண்டிக்கும் ஆசிரியர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் விக்கி ஆண்டர்சன் அம்மையாரின் குழுவினர் மூளைக் காயம் பட்ட குழந்தைகளை வயது வாரியாகப் பிரித்துச் சோதித்து 2009-இல் முடிவு வெளியிட்டார்கள். இரண்டு வயதுக்கு முன் காயம் பட்டவர்களே எல்லாத் துறைகளிலும் அதிகம் பின்தங்கினார்கள். பத்து வயதுக்கு மேல் பட்டவர்களின் நிலை சாதாரணக் குழந்தைகளின் நிலைக்குக் கிட்டியிருந்தது. கென்னர்டு விதியை எழுத்துக்கு எழுத்து நம்பியவர்களுக்கு இது பேரிடி.

பேச்சு மீண்டது என்று கண்டோமே, அதற்கும் விலை உண்டு. பேச்சை ஏற்றுக்கொண்ட வலப் பாதிக்குத் திசை அறிதல், உருவங்களைப் பிரித்தறிதல் முதலிய சொந்த வேலைகள் இருக்கின்றன. ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் இரண்டு குடும்பங்கள் குடியேறினால் நெருக்கடி உண்டாவதுபோல, பேச்சு நிலைத்த இடத்தில் மற்றத் திறமைகள் சுருங்கக் காணலாம். கைக்கும் இந்த நியாயம் உண்டு. 1950-இல் தென் ஆப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரத்தில் ரோலண்டு கிரைனோ என்ற ரணவைத்தியர், தீராத வலிப்பும் பாரிச வாயுவும் கண்ட 12 பேருக்கு, சிதைந்துபோன அரைப் பெருமூளையை அகற்றியதைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். வலிப்பு அடங்கிற்று, சுபாவமும் சீர்பட்டது. அதன் பின் இந்தச் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் அநேகர் நடக்கிறார்கள், பேசுகிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் எதிர்ப்பக்கத்துக் கைவிரல்களின் நுண்ணிய வேலையும், அந்தப் பக்கத்துப் பாதிப் பார்வையும் அவர்களுக்குத் திரும்புவதில்லை. இயற்கை கருணையுள்ளதுதான்; அதன் கருணைக்குக் கணக்கும் உண்டு.

எதைச் செய்தால் பலன்

ஆகவே வயது மட்டும் கவசம் ஆகாது. சேதம் எந்தப் பருவத்தில், எந்த இடத்தில், எவ்வளவு பரப்பில் ஏற்பட்டது, வலிப்பு தொடர்கிறதா என்பவையெல்லாம் சேர்ந்தே பலனைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை நம் கையில் இல்லை. ஆனால் ஒன்று நம் கையில் இருக்கிறது. காயத்துக்குப் பின் அந்தக் குழந்தை எப்படி வளர்க்கப்படுகிறது என்பதே அது.

கனடாவின் லெத்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பிரையன் கோல்ப் என்பவர் எலிக்குஞ்சுகளிடம் செய்த பரிசோதனை இதற்குச் சிறந்த சான்று. பிறந்த முதல் சில நாட்களில் மூளைக் காயம் பட்ட குஞ்சுகள் மிகவும் சீர்கேடடைந்தன. பத்தாம் நாள் வாக்கில் பட்டவை வியக்கத்தக்க அளவு மீண்டன. நாட்கணக்கில் விதி மாறுகிறது! அதைவிட முக்கியமானது அடுத்த முடிவு. காயம் பட்ட குஞ்சுகளை நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 15 நிமிஷம், மெல்லிய தூரிகையால் தடவிக் கொடுத்தார்கள். மருந்து ஒன்றும் இல்லை. தடவிக் கொடுக்கப்பட்டவை பிறகு வைத்த பரீட்சைகளில் மற்றவற்றைவிட மேலாக நின்றன. அவற்றின் மூளை இணைப்புகளிலும் மாறுதல் காணப்பட்டது. எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குச் சொல்லிவிட முடியாது என்பது உண்மையே. ஆயினும் வளரும் மூளைக்கு அனுபவமே உணவு என்ற தத்துவத்தை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டுவது அரிது.

மனிதக் குழந்தைகளிடமும் இதே தத்துவம் வேலை செய்கிறது. ஒரு கை முடங்கிய குழந்தை, நல்ல கையைக் கொண்டே எல்லாக் காரியங்களையும் முடித்துக்கொள்ளும். முடங்கிய கை இதனால் மேலும் முடங்கும். நல்ல கையைச் சில காலம் மெல்லக் கட்டிவைத்து, முடங்கிய கைக்கு நாள்தோறும் பல மணி நேரம் விளையாட்டு முறையில் பயிற்சி கொடுத்தால் அந்தக் கை விருத்தியடைகிறது என்று அமெரிக்காவில் எட்வர்டு டாப் முதலியோர் 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் காட்டினார்கள். இதைத் தேர்ந்த பயிற்சியாளரின் மேற்பார்வையிலேயே செய்ய வேண்டும். வீட்டில் மனம்போனபடி கட்டிவைப்பது நல்ல கைக்கும் தீங்காக முடியலாம்.

காலத்தைத் தவறவிடும் வழக்கம்

பயிற்சி பலிக்க வேண்டுமானால், முதலில் குறையைக் கண்டுபிடிக்க வேண்டும். மூளை முடக்குவாதத்தை ஒன்று அல்லது இரண்டு வயது ஆன பிறகே நிச்சயித்துச் சொல்லுவது வைத்தியர்களின் பழைய வழக்கம். அநேக குழந்தைகளிடம் ஆறு மாதத்துக்கு முன்பே நிச்சயித்துச் சொல்லலாம் என்று பல தேசத்து நிபுணர்கள் 2017-இல் கூடி முடிவு செய்தார்கள். இதற்கு எப்போதும் விலையுயர்ந்த இயந்திரம் வேண்டும் என்பதில்லை. மல்லாந்து படுத்திருக்கும் மூன்று மாதக் குழந்தை தானாகக் கை கால்களை அசைக்கும் தன்மையைச் சில நிமிஷம் உற்றுப் பார்த்தே மூளையின் நிலையை ஊகிக்கலாம் என்று ஹைன்ஸ் பிரெக்டல் என்ற அறிஞர் காட்டியிருக்கிறார். வேண்டுவது பழக்கப்பட்ட கண் ஒன்றே.

பெற்றோரும் சில குறிகளை அறிந்து வைத்துக்கொள்ளலாம். நாலு மாதத்துக்குப் பின்னும் கைவிரல்கள் மூடியே இருப்பது, ஒன்பது மாதமாகியும் உட்காராதது, கால்கள் விறைத்துப் பின்னிக்கொள்ளுவது ஆகியவை கவனிக்கத்தக்கவை. முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வயதுக்கு முன்பே குழந்தை ஒரு கையை மட்டும் உபயோகித்தால், "இப்போதே வலக்கைக்காரன்" என்று பெருமைப்படுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. மற்றக் கை ஏன் வரவில்லை என்று வைத்தியரிடம் கேட்க வேண்டிய நேரம் அது.

நம் தேசத்தில் இதற்குச் சாதனம் இல்லாமல் இல்லை. 2013-இல் இந்திய சர்க்கார் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தின்படி, பிறந்தது முதல் 18 வயது வரை குழந்தைகளைச் சோதித்து, வளர்ச்சிக் குறை கண்டவர்களை ஜில்லாவிலுள்ள ஆரம்ப இடையீட்டு நிலையங்களுக்கு அனுப்ப வேண்டும். மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளுக்காக 2016-இல் இயற்றிய சட்டம் மூளை முடக்குவாதத்தையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கணிசமான ஊனமுள்ள குழந்தைகளுக்கு ஆறு முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்று விதிக்கிறது. நல்ல சட்டமே. ஆனால் கல்வி உரிமையின் கடிகாரம் ஆறாம் வயதில் ஓடத் தொடங்குகிறது. மூளையின் கடிகாரமோ பிறப்புக்கு முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆறு வயதில் பள்ளிக்கூட வாசலுக்கு வரும் குழந்தைக்கு, அதன் மிகச் சிறந்த பயிற்சிக் காலம் போய்விட்டிருக்கும். இடையிலுள்ள அந்த ஆறு வருஷங்களை நிரப்ப வேண்டிய பொறுப்பு ஜில்லா நிலையங்களின் தலையில் இருக்கிறது.

வெளிநாட்டு முறைகளை அப்படியே எடுத்துக்கொண்டுவிடவும் முடியாது. மூச்சுத் திணறிப் பிறந்த சிசுவின் உடலை ஆறு மணி நேரத்துக்குள் குளிர்விக்கத் தொடங்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்திருப்பது செல்வ நாடுகளில் பலன் தந்த சிகிச்சை. இந்தியா, இலங்கை, வங்காள தேசம் ஆகியவற்றின் ஆஸ்பத்திரிகளில் 408 சிசுக்களிடம் இதைச் சோதித்து 2021-இல் வெளியிட்ட முடிவு வேறு விதமாக இருந்தது. ஊனம் குறையவில்லை, குளிர்விக்கப்பட்டவர்களில் மரணமே அதிகமாயிற்று. சேதம் பிரசவ நேரத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது ஆராய்ந்தவர்கள் கூறும் காரணங்களில் ஒன்று. அப்படியானால் குழந்தையின் மூளையைக் காக்கும் வேலை கர்ப்பிணியைக் காப்பதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

பொதுக் காரியங்களில் உழைக்கும் நண்பர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். உங்கள் ஜில்லாவில் ஆரம்ப இடையீட்டு நிலையம் எங்கே இருக்கிறது? அதில் உடற்பயிற்சி நிபுணரும் பேச்சுப் பயிற்சியாளரும் உண்மையில் வேலை பார்க்கிறார்களா, அல்லது உத்தியோகங்கள் காலியாகக் கிடக்கின்றனவா? கிராமத்திலிருந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் கூலிக்காரத் தாய் வாரத்துக்கு எத்தனை நாள் கூலியை இழந்து அங்கே வர முடியும்? பயிற்சியை அவளுடைய ஊருக்குக் கொண்டுபோக யார் ஏற்பாடு செய்கிறார்கள்? இந்தக் கேள்விகளைச் சட்டசபையிலும் ஸ்தல ஸ்தாபனங்களிலும் விடாமல் கேளுங்கள். சாலைக்கும் பாலத்துக்கும் கேட்கும் குரலில் பாதியாவது இதற்குக் கேட்கட்டும். இந்த வருஷம் கட்டாத பாலத்தை அடுத்த வருஷம் கட்டிக்கொள்ளலாம். இந்த வருஷம் பயிற்சி பெறாத குழந்தைக்கு இந்த வருஷம் திரும்பி வராது.